ஒற்றைப் பூட்ஸும் ஒப்பீட்டுக் காலும்

சாத்தம் ஜெட்டியிலிருந்து பாம்பூஃப்ளாட் போகும் படகு துறைமுகத்தின் நடுவில் இருந்தபோது, நந்தகுமார் அரசாங்கத்துக்குச் சொந்தமான இடதுகால் பூட்ஸைக் கடலில் போட்டான்.

காற்று தள்ளவில்லை. படகு ஆடவில்லை. யாரும் இடிக்கவில்லை. இதையெல்லாம் பிறகு விசாரணையில் ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். அவனும் ஒவ்வொன்றுக்கும் இல்லை என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. நடந்தது இவ்வளவுதான். சோதனை முடிந்ததும் இயக்குநர் முன்னால் பேச வேண்டிய பேச்சை, படகின் பின்பக்கக் கம்பியருகே நின்று, கடலைப் பார்த்து ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தான். "ஐயா, இந்தப் பூட்ஸை உங்கள் கண்ணாலேயே பாருங்கள்" என்ற இடத்தில், சேர்த்துக் கட்டியிருந்த ஜோடியை அவிழ்த்து, இடது பூட்ஸைச் சாட்சியாகத் தூக்கிப் பிடித்தான். "இதை நம்பித்தானே ஐயா என் மனைவி" என்ற இடத்தில் தொண்டை அடைத்துக்கொண்டது. தொண்டை அடைத்தால் கை தானாக நெஞ்சுக்குப் போகும் சுபாவம் அவனுக்கு. கை போயிற்று. பூட்ஸ் கூடப் போகவில்லை.

எடை குறைந்த பூட்ஸ் என்பதால் உடனே மூழ்கவும் இல்லை. வழியனுப்ப வந்த உறவுக்காரர் மாதிரி படகின் பின்னாலேயே கொஞ்ச தூரம் வந்தது. பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டது.

காலிக் கூடையோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்த வங்காளி மீன்காரம்மா எட்டிப் பார்த்தாள். அப்புறம் அவன் கழுத்தைப் பார்த்தாள். வலதுகால் பூட்ஸ் மட்டும் மாட்டு மணி போல அங்கே தொங்கிக்கொண்டிருந்தது. "போனாப் போகட்டும் அண்ணா, பாதி பாரம் குறைஞ்சுதே" என்று இந்தியில் ஆறுதல் சொன்னாள்.

பூட்ஸைக் காலில் போடாமல் ஒருவன் ஏன் கழுத்தில் போட்டுக்கொண்டு போகிறான்? அதற்கு அவன் வேலை பார்த்த ஆபீஸைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தீவு நிலப்பரப்புக் காலணித் தகுதிச் சான்று ஆணையம். பெயர்ப் பலகை கட்டடத்தைவிட நீளம். 'ஆணையம்' மட்டும் பக்கத்துக் கட்டடத்தின் சுவரில் இருக்கும். போர்ட் பிளேரில் எந்த ஆட்டோக்காரரிடமும் இந்தப் பெயரைச் சொல்லிப் பயனில்லை. இந்தியில் ஜூத்தா ஆபீஸ், அதாவது செருப்பு ஆபீஸ் என்றால் கொண்டுபோய் விடுவார். மலையிலும் காட்டிலும் நடக்கிற அரசு ஊழியர்களின் காலணியைச் சோதித்து, இது நடக்கத் தக்கது என்று சான்று தருவது அதன் வேலை. உள்ளே புதிதாகப் போட்ட வழவழப்பான தரை. அதில் கீறல் விழக் கூடாது என்பதற்காக வாசலிலேயே 'காலணிகளை வெளியே விடவும்' என்று மூன்று மொழிகளில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆகவே இந்தத் தீவுகளில் யார் எதைக் காலில் போடுவது என்று முடிவு செய்கிற அத்தனை பேரும், முடிவு செய்கிற நேரம் முழுக்க வெறுங்காலோடுதான் இருந்தார்கள்.

நந்தகுமார் அங்கே தபால் பிரிவு. சிவகங்கைப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவன். பாம்பூஃப்ளாட்டில் பெண் எடுத்ததால் மெயின்லேண்டுக்குத் திரும்புகிற யோசனையைக் கைவிட்டவன். அந்தப் பெண் சுகிர்தா. வெள்ளைக்காரன் கைதிகளைத் தீவுக்கு அனுப்பிய காலத்திலேயே இங்கே வந்து சேர்ந்த குடும்பம். தமிழ் பேசுவாள், கோபம் வந்தால் இந்தியில் பேசுவாள், ரொம்பக் கோபம் வந்தால் பேசாமல் இருப்பாள். ஒப்பந்த வனக் காவலர். பாம்பூஃப்ளாட்டுக்கு மேலே இருக்கிற மலை அவளுடைய சுற்று. அந்த மலையின் பெயரை மாற்றிவிட்டார்கள். ஆனாலும் ஊரில் எல்லோருக்கும் அது ஹாரியட் மலைதான்.

மழை தொடங்கிய வாரத்தில் காவலர்களுக்குப் புதிய மலையேற்ற பூட்ஸ் கொடுத்தார்கள். மெல்லிய தோல், பஞ்சு மாதிரி கனம். அடிப்பாகத்தில் தையலே கிடையாது, வெறும் பசை. தையல் போட்டால் நூலின் எடை கூடிவிடுமாம். ஜூத்தா ஆபீஸ் அதற்கு 'மிகச் சிறப்பு' என்று சான்று கொடுத்திருந்தது. அந்தச் சான்றை உறையில் போட்டு ஒட்டி வனத்துறைக்கு அனுப்பியது நந்தகுமார்.

சுகிர்தா அதைப் போட்டுக்கொண்டு மரம் திருடுகிறவர்களைத் தேடி மலைச் சரிவில் இறங்கினாள். ஈர வேரில் கால் வைத்தாள். பூட்ஸின் அடிப்பாகம் சேற்றிலேயே நின்றுகொண்டது. மேல்பாகத்தைப் போட்டுக்கொண்டு அவள் மட்டும் கீழே போனாள். கணுக்காலில் எலும்பு முறிந்தது. உடன் வந்த காவலர் ஜெயராணி அவளை முதுகில் சுமந்துகொண்டு ரோடு வரைக்கும் வந்தாள்.

மருத்துவமனையிலிருந்து வீடு வந்த கையோடு ரேஞ்சர் ஹரிஹரன் அனுப்பிய மெமோவும் வந்தது. காலணி சான்று பெற்றது. சான்று பெற்ற காலணி பிரியாது. ஆகவே முறையற்ற நடையால் அரசுக் காலணிக்குச் சேதம் விளைவித்ததாக ஏன் கருதக் கூடாது? விளக்கம் திருப்தியாக இல்லையென்றால் ஒப்பந்தம் நீட்டிக்கப்பட மாட்டாது.

சுகிர்தா மாவுக்கட்டுக் காலைத் தலையணை மேல் வைத்தபடி அதை இரண்டு தரம் படித்தாள்.

"ஏங்க, நல்ல பூட்ஸுன்னு எழுதிக் கொடுத்தது உங்க ஆபீஸ்தானே?"

"ஆபீஸ்தான். நான் தபால் பிரிவு சுகி. ஒட்டி அனுப்பறது மட்டும்தான் என் வேலை."

"ஒட்டத் தெரிஞ்ச ஆள் உங்க ஆபீஸ்ல நீங்க ஒருத்தர்தான் போல. பூட்ஸுக்கு அடி ஒட்டறதையும் உங்ககிட்டயே விட்டிருக்கலாம்."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

"எனக்கு ஒண்ணு மட்டும் கேட்டுச் சொல்லுங்க. நான் நடந்தது தப்பா, பூட்ஸ் தப்பா? வேற ஒண்ணும் வேணாம். பூட்ஸ் தப்புன்னு உங்க ஆளுங்க ஒரு வார்த்தை சொன்னா ரேஞ்சர் மெமோவை வாபஸ் வாங்கியே ஆகணும். வேலை போச்சுன்னா அப்புறம் இந்தக் காலை வச்சுக்கிட்டு எனக்கு யாரு வேலை தருவா?"

இதைக் கேட்டு வருவது ஒரு பெரிய வேலையா என்று நந்தகுமார் நினைத்தான். அந்த ஆபீஸில் அத்தனை வருஷம் இருந்தும் அப்படி நினைத்தான் என்றால் அவனுடைய மனசு எப்பேர்ப்பட்டது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் சுகிர்தாவின் பிய்ந்த பூட்ஸைப் பையில் போட்டுக்கொண்டு துணை இயக்குநர் உமா மகேஸ்வரியின் அறைக்குப் போனான். அவர் பையைத் தொடவே இல்லை.

"மிஸ்டர் நந்தகுமார், இது பழுதான பூட்ஸ். பழுதானதைச் சோதித்தால் பழுது என்றுதானே முடிவு வரும்? அது பாரபட்சமான சோதனை. நல்ல பூட்ஸைத்தான் நாம் சோதிக்க முடியும்."

"நல்லா இருக்கிற பூட்ஸ் நல்லா இருக்குன்னுதானே மேடம் முடிவு வரும்?"

"பாருங்கள், உங்களுக்கே புரிகிறது" என்று அவர் மகிழ்ந்து போனார்.

அதோடு விடாமல், சான்று எப்படித் தரப்படுகிறது என்று சோதனைக்கூடத்துக்கும் அழைத்துப் போய்க் காட்டினார். ஏசி அறை. நடுவில் ஓர் இரும்புக் கால், பூட்ஸ் போட்டுக்கொண்டு, சிவப்புக் கம்பளத்தின் மேல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. எதிர்ச் சுவர் முழுக்க வடக்கு அந்தமான் சாடில் பீக் சிகரத்தின் படம்.

"படம் எதுக்கு மேடம்?"

"இது மலையேற்ற பூட்ஸ் ஆயிற்றே. சூழல் வேண்டாமா?"

அவன் இரும்புக் காலைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். அதற்கு மாவுக்கட்டுப் போடும் நிலை வராது என்று தோன்றியது. பிறகு மெதுவாகத் தன் கேள்வியைக் கேட்டான். "மேடம், என் வீட்டுக்காரி நடந்தது தப்பா, பூட்ஸ் தப்பா?"

"தப்பு என்ற சொல்லை நாம் பயன்படுத்துவதில்லை. மிகச் சிறப்பு, சிறப்பு, சிறப்புக்குக் காத்திருப்பு. மூன்றே நிலைதான். மறுசோதனை வேண்டுமென்றால் நீங்களே மலைப்பாதையில் நடந்து பார்த்து அறிக்கை கொடுங்கள். ஊழியரின் ஆர்வத்தை ஆணையம் எப்போதும் வரவேற்கும்."

இப்படித்தான் தபால் பிரிவு நந்தகுமார் ஒரே நாளில் மலையேற்றச் சோதகர் ஆனான்.

ஸ்டோரில் கண்ணையா புத்தம் புதிய ஜோடியைப் பெட்டியிலிருந்து எடுத்து, லேஸ்களைச் சேர்த்து முடிச்சுப் போட்டு, அவன் கழுத்தில் மாலை மாதிரி மாட்டினார். கண்ணையாவுக்கு வீட்டில் தெலுங்கு, ஸ்டோரில் தமிழ், எரிச்சலில் இந்தி.

"கழுத்துல எதுக்குண்ணே? நடக்கும்போது கால்ல போட்டுக்கிறேனே."

கண்ணையா பதறிப் போனார். "அரே பாய், கால்லயா? போட்டா தேஞ்சிடுமே! ரூல் என்ன சொல்லுது? சோதனைக்குக் கொடுத்த பூட்ஸ், கொடுத்த மாதிரியே திரும்பி வரணும். ஒரு கீறல் இருந்தாலும் உன் சம்பளத்துல போயிடும்."

"அப்ப இதுவரைக்கும் மலையில சோதனை பண்ணவங்கல்லாம்?"

"எல்லாரும் இப்படித்தான். கழுத்துல மாட்டிக்கிட்டு ஏறுவாங்க, மாட்டிக்கிட்டே இறங்குவாங்க. கூலிக்கு வர்ற பசங்க. ரப்பர் செருப்பு இருந்தா செருப்பு, இல்லேன்னா வெறுங்கால். பூட்ஸ் மட்டும் பளபளன்னு வரும். நானே வாங்கிப் பார்த்து 'சேதம் இல்லை'ன்னு எழுதுவேன். இன்னிவரைக்கும் ஒரு பூட்ஸ் கெட்டதில்லை, தெரியுமா?"

"அவங்க கால்?"

"கால் ஸ்டோர்ல வராது பாய்" என்றார் கண்ணையா, கொஞ்சம் வருத்தத்தோடுதான்.

நந்தகுமாருக்கு அது கண்முன்னே ஓடியது. பிரம்பு முள்ளிலும் அட்டைக்கடியிலும் ரத்தம் வடிய வடிய யார் யாரோ ஏறியிருக்கிறார்கள். கழுத்தில் பூட்ஸ் ஊஞ்சலாடிக்கொண்டு கூடவே போயிருக்கிறது. கீழே இறங்கியதும் பூட்ஸை விளக்கடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறார்கள். காலைப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. அந்த 'மிகச் சிறப்'பைத்தான் அவன் நாக்கால் ஈரம் பண்ணி ஒட்டி அனுப்பினான். அதை நம்பித்தான் அவள் ஈர வேரில் கால் வைத்தாள்.

மலைக்குப் போனதும் யாருக்கும் தெரியாமல் காலில் போட்டு நடந்து, அடிப்பாகம் பிரிந்ததும் அதைக் கொண்டுபோய் மேஜை மேல் வைப்பதாக முடிவு செய்தான். சம்பளத்தில் பிடித்தால் பிடிக்கட்டும். அன்றைக்குப் படகில் அவன் ஒத்திகை பார்த்தது அந்த மேஜைப் பேச்சைத்தான். மிச்சம் உங்களுக்குத் தெரியும்.

ஒற்றைப் பூட்ஸோடு வீட்டுக்குள் நுழைந்தவனைச் சுகிர்தா ஏற இறங்கப் பார்த்தாள். "எனக்குன்னு வாங்கிட்டு வந்தீங்களா? கரெக்ட்டா ஒரு கால்தான் இப்போ நடக்குது" என்றாள். அவன் நடந்ததைச் சொன்னான். கடலைப் பார்த்துப் பேசியது வரைக்கும் சொல்லிவிட்டான். அவள் பேசாமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். இந்தியில் திட்டியிருந்தால்கூட அவனுக்குத் தூக்கம் வந்திருக்கும்.

விசாரணை மறுநாளே இயக்குநர் அறையில் நடந்தது. இயக்குநர் ராஜமாணிக்கம் நிதானமானவர். பேசுவதற்கு முன் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். துடைத்து முடிக்கும்போது எதிரில் இருப்பவர் கேட்ட கேள்வி மறந்து போயிருக்கும்.

"ஒரு காலணி ஜோடியாக வழங்கப்படுகிறது. ஜோடியாகத் திரும்ப வேண்டும். கடலில் விட்டதற்கு விதி இல்லை. விதி இல்லாத ஒரு காரியத்தை நீ எப்படிச் செய்தாய்?"

"தெரியாமச் செஞ்சுட்டேன் சார். சார், என் வீட்டுக்காரி நடந்தது தப்பா, பூட்ஸ்..."

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார்.

அப்போதுதான் வாசலில் சத்தம் கேட்டது. பாம்பூஃப்ளாட் படகில் வேலை பார்க்கும் ரவிச்சந்திரன், செருப்பை வெளியே விட்டுவிட்டு, கையில் ஒரு பிளாஸ்டிக் பையோடு உள்ளே வந்தான். பையிலிருந்து நீர் சொட்டியது. ஜெட்டித் தூணோரம் மிதந்து வந்ததாம். நந்தகுமாருடையது என்று ஊருக்கே தெரியும் என்பதால், அதைக் கொடுக்க வேலை நேரத்தில் அக்கரையிலிருந்து வந்திருக்கிறான்.

மேஜை மேல் எடுத்து வைத்தான். மேல்பாகம் மட்டும் இருந்தது. லேஸ் இருந்தது. சான்று முத்திரையும் இருந்தது. அடிப்பாகம் இல்லை. உள்ளே கைவிட்டால் விரல்கள் மறுபக்கம் வந்தன.

நந்தகுமாருக்குக் கடலைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போலிருந்தது. "சார்! பாருங்க சார்! ஒரு நாள்கூட ஆகலை. யாரும் போட்டு நடக்கக்கூட இல்லை. வெறும் தண்ணி சார்!"

இயக்குநர் துணை இயக்குநரைப் பார்த்தார். துணை இயக்குநர் பூட்ஸைப் பார்த்தார். பிறகு உமா மகேஸ்வரி தொண்டையைச் செருமினார்.

"சார், இது மலையேற்ற பூட்ஸ். மலைப்பாதைக்குத்தான் சான்று. கடல், மலைப்பாதை அல்ல."

"அல்ல" என்றார் இயக்குநர். நிம்மதியில் அவர் குரல் இளகிவிட்டது. "மிகச் சரி. கடல் மலைப்பாதை அல்ல. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்."

"மழை பெய்தா மலையில தண்ணி வரும் சார். அந்தமான்ல மழை..."

"அதற்கு மழைக்காலப் பிரிவு தனியாகத் தொடங்கப்பட வேண்டும். கோப்பு மெயின்லேண்டில் இருக்கிறது." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "ஆனால் உன் மறுசோதனை நிற்காது. எடுத்த காரியத்தைப் பாதியில் விடும் பழக்கம் ஆணையத்துக்கு இல்லை. வலது பூட்ஸ் இருக்கிறதல்லவா? வலது காலால் சோதிக்கலாம்."

"இடது கால் சார்?"

"இடது கால் ஒப்பீட்டுக் கால்" என்றார் உமா மகேஸ்வரி உடனே. "அறிவியல் முறைப்படி ஒரு கால் பூட்ஸ் இல்லாமல் இருப்பது நல்லதே. இத்தனை நாள் ஏன் நமக்குத் தோன்றவில்லை என்றுதான் ஆச்சரியமாக இருக்கிறது."

ரவிச்சந்திரன் நந்தகுமாரின் காதருகே குனிந்தான். "அண்ணே, நான் கிளம்பறேன். இங்கே நின்னா எனக்கும் ஒரு காலை எடுத்துடுவாங்க போல."

மறுசோதனையை இன்னொரு விழாவோடு சேர்த்தார்கள். மிச்சமிருந்த காவலர்களுக்கும் அதே பூட்ஸை ஹாரியட் மலை மேல் வைத்து வழங்குவதாக ஏற்பாடு. இயக்குநர் ஜீப்பில் போய்விடுவார். நந்தகுமார் கீழிருந்து காட்டுப்பாதையில் நடந்து ஏறி, விழா மேடையில் வலது காலைக் காட்ட வேண்டும். அங்கேயே முடிவு அறிவிக்கப்படும். ரேஞ்சர் ஹரிஹரன் முன்னால் அறிவிக்கப்படும் என்பதுதான் நந்தகுமாருக்கு வேண்டியது. அவன் மனசு மறுபடியும் நம்பியது.

அன்று காலையில் பாதையின் அடிவாரத்தில் கண்ணையா காத்திருந்தார். வலது பூட்ஸை அவன் காலில் அவரே மாட்டினார். கடைசியில் போட அனுமதித்துவிட்டார்களே என்று நந்தகுமார் மகிழ்ந்த நொடியில், அவர் ஒரு தடித்த பாலித்தீன் பையை எடுத்துப் பூட்ஸின் மேல் உறை மாதிரி இழுத்து, கணுக்காலில் சணல் போட்டு இறுக்கினார்.

"மழைக்காண்ணே?"

"தேய்மானத்துக்கு. போடவும் போடணும், கொடுத்த மாதிரியும் வரணும்னா நான் என்ன பண்றது? நீயே சொல்லு." சணலை இரண்டாவது சுற்றுச் சுற்றினார். "நானும் ரிட்டயர் ஆகணும் பாய்."

கண்காணிப்புக்கு அவரும் கூட வர வேண்டும் என்று உத்தரவு. பாதை தொடங்குகிற டீக்கடை வரைக்கும் வந்து, அங்கிருந்து கண்காணித்தார்.

அந்த ஏற்றத்தை நந்தகுமார் யாரிடமும் விவரமாகச் சொல்வதில்லை. சொன்னால் சிரிப்பார்கள், அவனும் சேர்ந்து சிரித்துவிடுவான். இடது காலில் பழைய ரப்பர் செருப்பு, வலது காலில் பாலித்தீனுக்குள் மிகச் சிறப்பு. ரப்பர் செருப்பு வேரையும் சேற்றையும் பிடித்துக்கொண்டது. பாலித்தீன் எதையும் பிடிக்கவில்லை. நாலு அடி ஏறினால் ஓர் அடி சறுக்கினான். ஒரு பாறைத் திருப்பத்தில் முழங்கால் மடங்கிச் சரிந்து, ஒரு கொடியைப் பற்றித் தொங்கியபோது கீழே பார்த்தான். சுகிர்தா விழுந்த சரிவு அதுதான். ஜெயராணி அடையாளம் சொல்லியிருந்தாள்: பட்டையில் அம்புக்குறி வெட்டிய படாக் மரம், அதற்குக் கீழே வரிசையாக வேர். அவ்வளவு உயரத்திலிருந்தா விழுந்தாள்? வீட்டில் அவள் சொல்லும்போது 'கொஞ்சம் சறுக்கிட்டேன்' என்றுதானே சொன்னாள்?

நந்தகுமாருக்குக் கோபம் வருவது அபூர்வம். வந்தாலும் முகவரி தவறி வந்த விருந்தாளி மாதிரி வாசலோடு திரும்பிவிடும். அன்று உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது.

மேலே பந்தல் போட்டிருந்தார்கள். மேடையில் வெல்வெட் தலையணை மேல் ஒரு ஜோடி பூட்ஸ், பொட்டு வைத்து, மாலை போட்டு. மேடை ஏறுகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார்கள். எதிரே காவலர்கள் வரிசையாக நின்றார்கள். பின்னால், ஜெயராணி கொண்டு வந்து போட்ட ஸ்டூலில் சுகிர்தா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஊன்றுகோல், மடியில் பிய்ந்த பூட்ஸ். அரசுச் சொத்தின் மீதியைத் திருப்பி ஒப்படைக்க அவளையும் வரச் சொல்லியிருந்தார் ஹரிஹரன்.

நந்தகுமார் சேறும் சிராய்ப்புமாக வந்து சேர்ந்தான். ஜீப்பில் வந்துவிட்ட கண்ணையா சணலை அவிழ்த்து, பாலித்தீனை உரித்து, பூட்ஸைக் கழற்றித் தூக்கிக் காட்டினார். கடையில் வைத்த மாதிரி பளபளத்தது. கைதட்டல். உமா மகேஸ்வரி மைக்கில் அறிவித்தார்: "சேதம் இல்லை. மிகச் சிறப்பு."

நந்தகுமார் ஹரிஹரனைப் பார்த்தான். ஹரிஹரன் தரையைப் பார்த்தார். "நான் என்ன பண்றது நந்தகுமார்? சான்று இருக்கே" என்று முணுமுணுத்தார். மோசமான ஆள் இல்லை. சான்று இல்லாமல் எதையும் பார்க்கத் தெரியாதவர், அவ்வளவுதான்.

இயக்குநர் பேச எழுந்தார்.

"நண்பர்களே, ஆணையம் தொடங்கிய நாள் முதல் நம்மிடம் சோதனைக்கு வந்த ஒரு காலணிகூடத் தோற்றதில்லை. தோற்க நாம் வாய்ப்புக் கொடுத்ததில்லை. ஆனாலும் மலையில் ஊழியர்கள் விழுகிறார்கள். காலணி சரி. மலை இயற்கை, அதைக் குறை சொல்ல முடியாது. அப்படியானால் மிஞ்சுவது எது? நடை! நடக்கத் தெரியாமல் நடப்பதுதான் இன்று தீவுகளின் பெரிய பிரச்சினை. ஆகவே வனக் காவலர்களுக்கு நடைப் பயிற்சி அளிக்க ஆணையம் முன்வந்திருக்கிறது. நம் சோதனைக்கூடக் கம்பளத்திலேயே! இந்தப் பூட்ஸைப் பாருங்கள். இதைவிட எடை குறைந்த காலணி உலகத்தில் உண்டா?"

"இருக்கு சார்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். சுகிர்தா மடியிலிருந்த மேல்பாகத்தைத் தூக்கிக் காட்டினாள். அதன் ஓட்டை வழியாக அவள் முகம் தெரிந்தது. "இது இன்னும் லேசு."

வரிசையில் சிரிப்பு ஓடியது. இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். துடைத்து முடிப்பதற்குள் மழை இறங்கியது.

அந்தமான் மழை முன்னறிவிப்பு கொடுப்பதில்லை. பந்தல் ஒரு பக்கம் சாய்ந்தது. எங்கோ கீழே மடமடவென்று சத்தம். ஓட்டுநர் நனைந்துகொண்டே ஓடி வந்து, வளைவில் பெரிய மரம் ரோட்டுக்குக் குறுக்கே விழுந்துவிட்டதாகச் சொன்னார். அறுத்து நகர்த்த நேரமாகும். இயக்குநருக்கோ சாயங்காலம் மெயின்லேண்டிலிருந்து வரும் மேலதிகாரியை வரவேற்றே ஆக வேண்டும்.

"காட்டுப்பாதையில் இறங்கிவிடலாம்" என்றார் இயக்குநர். "நந்தகுமாரே ஏறி வந்திருக்கிறான். பெரிய பாதையாக இருக்காது."

பாதையின் வாயில் அவருடைய ஆபீஸ் ஷூ முதல் அடி வைத்தது. இரண்டாவது அடியை அவர் உட்கார்ந்தபடி வைத்தார். ஹரிஹரனும் ஓட்டுநரும் தூக்கி நிறுத்தினார்கள். ஒரு ஷூவின் குதி சேற்றோடு போய்விட்டது.

கண்ணையா குடையோடு ஓடி வந்தார். அவர் மனசில் கபடு இல்லை, ஸ்டோர்க்காரரின் மனசு. "சார், கவலையே வேணாம்! பெட்டி பெட்டியா நம்ம பூட்ஸ் இருக்கே. உங்க சைஸும் இருக்கு சார்!" புதிய ஜோடி ஒன்றைத் திறந்து, காகிதத்தை எடுத்து, இயக்குநரின் காலடியில் வைத்தார்.

எல்லோரும் அந்தப் பூட்ஸைப் பார்த்தார்கள். மழை அதன் மேல் முத்து முத்தாக நின்றது. உமா மகேஸ்வரி வேறு எங்கோ பார்த்தார். காவலர்கள் ஒவ்வொருவராக நெருங்கி வந்தார்கள். ஜெயராணியின் தோளைப் பிடித்துக்கொண்டு சுகிர்தாவும் வந்தாள்.

நந்தகுமார் மண்டியிட்டு லேஸைத் தளர்த்தினான். "காலைக் கொடுங்க சார்."

இயக்குநர் பூட்ஸைப் பார்த்தார். பாதையைப் பார்த்தார். மலைப்பாதை இப்போது ஓடையாகியிருந்தது. கடல் மாதிரி இல்லை, ஆனால் தண்ணீர்தான்.

"வேண்டாம்" என்றார்.

"மிகச் சிறப்பு சார் இது."

"வேண்டாம்யா." அவர் கண் நந்தகுமாரின் கால் பக்கம் போனது. மேடையிலிருந்து இறங்கியதுமே அவன் பையிலிருந்த வலது செருப்பையும் எடுத்துப் போட்டிருந்தான். இரண்டு காலிலும் தேய்ந்த ரப்பர் செருப்பு. "உன் செருப்பைக் கழற்று. அதைக் கொடு."

நந்தகுமார் எழுந்தான். குனிந்து வலது செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தான். ஆனால் கொடுக்கவில்லை. பிடித்துக்கொண்டு நின்றான்.

செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஒருவன் மேலதிகாரி முன்னால் நின்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று தமிழ் தெரிந்த யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கண்ணையாவுக்குத் தாய்மொழி தெலுங்கு, அவருக்கும் புரிந்துவிட்டது. குடையோடு ஓர் அடி பின்னால் போனார். அப்படி ஓர் எண்ணம் அவனுக்கு அப்போது உண்மையிலேயே இருந்ததா என்று சுகிர்தா பிற்பாடு பலமுறை கேட்டாள். ஒவ்வொரு முறையும் வேறு வேறு பதில் சொன்னான்.

"சார்" என்றான். குரல் உயரவில்லை. தொண்டை அடைக்கவும் இல்லை. "இவங்க என் வீட்டுக்காரி சுகிர்தா. இந்தப் பாதையிலதான் இந்தப் பூட்ஸைப் போட்டுக்கிட்டு விழுந்தாங்க. ரேஞ்சர் சாரும் இங்கேதான் நிக்கிறாரு. இவங்க நடந்தது தப்பா, பூட்ஸ் தப்பா?"

இயக்குநரின் கை கண்ணாடிக்குப் போனது. மழை அதை ஏற்கெனவே துடைத்துவிட்டிருந்தது. அவர் செருப்பைப் பார்த்தார், வழிந்தோடும் பாதையைப் பார்த்தார், கடைசியில், முதல் தடவையாக, மாவுக்கட்டுப் போட்ட அந்தக் காலைப் பார்த்தார்.

"பூட்ஸ்தான்யா தப்பு" என்றார்.